கதவு மூலையில் ஒரு பை

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் ஏ-32 வீதியில், மாந்தை மேற்குப் பிரதேச செயலாளர் பிரிவுக்குள் இருக்கிறது இலுப்பைக்கடவை. வீதிக்கு மேற்கே கடல். கிழக்கே வயலும் குளங்களும் காடும். பாலியாறும் பறங்கியாறும் வன்னியின் உட்பகுதியிலிருந்து மேற்கு நோக்கி ஓடி இந்தக் கரையோரத்தில்தான் கடலைச் சேருகின்றன. ஆகவே இங்குள்ள அம்மாமார் சொல்லும் ஒரு கதை விளையாட்டுக் கதையல்ல: "எங்கட ஊரில மழை விட்ட பிறகுதான் வெள்ளம் வரும்." மேலே வவுனியாப் பக்கத்தில் பெய்த மழை குளங்களை நிரப்பி, குளங்கள் வான் பாய்ந்து, அந்தத் தண்ணீர் எங்களை வந்து சேரும்போது வானம் வெளுத்திருக்கும். வெயிலைக் கண்டு உடுப்புக் காயப்போட்ட அன்றிரவே முற்றத்தில் தண்ணீர் ஏறும்.

இந்தப் பகுதியில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களோடு சேர்ந்து நான் வேலை செய்து வருகிறேன். ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன்னர் அனர்த்த முன்னாயத்தம் பற்றி ஒரு கூட்டம் வைப்போம். அதற்கென்று துண்டுப்பிரசுரங்கள் வரும். மூன்று நாட்களுக்குப் போதுமான ரின் உணவு, போத்தல் தண்ணீர், முதலுதவிப் பெட்டி, ரோச் லைற், மேலதிக பற்றரி என்று ஒரு பட்டியல் அதில் இருக்கும். ஒரு கூட்டத்தில் அதை வாசித்த ஒரு அக்கா, "தங்கச்சி, இது மாதச் சம்பளக்காரருக்கு எழுதினது. நான் அரிசியே நாளுக்கு நாள் வாங்கிறன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, எல்லாம் சொல்லுங்கோ. பையை மட்டும் கட்டி வைக்கச் சொல்லாதேங்கோ. பை கட்டினால் ஓட வேண்டி வரும்." அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அந்த இரண்டு பேச்சையும் வைத்துக்கொண்டுதான் இக்கட்டுரையை எழுதுகிறேன். ஒன்று காசு பற்றியது. மற்றது மனம் பற்றியது. இரண்டையும் விட்டுவிட்டு முன்னாயத்தம் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

ஏற்கனவே தெரிந்தவர்கள்

2008 ஜூலையில் யுத்தம் விடத்தல்தீவையும் இலுப்பைக்கடவையையும் அடுத்தடுத்துக் கடந்தபோது இங்கிருந்த சனம் வடக்கே நகர்ந்தது. வெள்ளாங்குளம், முழங்காவில், கிளிநொச்சி, பின்னர் கிழக்கே விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால். இடையில் 2008 நவம்பரில் நிஷா புயல் மழை வந்தது. தறப்பாளுக்குள் இருந்தவர்கள் வெள்ளத்துக்குள்ளும் இருந்தார்கள். முடிவில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். அந்த வருடம் ஏப்ரலில் மடு மாதாவின் திருச்சுரூபம்கூட பாதுகாப்புக்காகத் தேவன்பிட்டிக்குக் கொண்டுவரப்பட்டது. மாதாவே இடம்பெயர்ந்த வருடம் என்று இங்கு சொல்வார்கள்.

இப்படிப்பட்ட பெண்களுக்கு "அவசர காலத்தில் எதை எடுத்துச் செல்ல வேண்டும்" என்று பாடம் நடத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. எனவே கேள்வியை மாற்றினேன். "அப்போது எதை எடுத்தீர்கள்? எதை எங்கே விட்டீர்கள்?" என்று கேட்டேன். அன்றைய கூட்டம் மூன்று மணித்தியாலம் நீண்டது.

முதல் இடப்பெயர்வில் உழவு இயந்திரத்தில் கூரைத் தகரமும் கதவு நிலையும்கூட ஏற்றியிருக்கிறார்கள். இரண்டாவது இடத்தில் தகரம் நின்றுவிட்டது. மூன்றாவது இடத்தில் தையல் மெசின். பிறகு பெரிய பாத்திரங்கள், பிறகு சைக்கிள். கடைசியில் மிஞ்சியது பெரும்பாலும் மூன்றுதான்: பிள்ளைகள், ஒரு கேத்தில் அல்லது சிறு பானை, பத்திரங்கள் வைத்த ஒரு சொப்பிங் பை. பத்திரப் பையையும் விட்டவர்கள் இருக்கிறார்கள். மீளக்குடியமர்ந்த பின்னர் அவர்கள் ஒவ்வொரு கந்தோராக எத்தனை வருடம் அலைந்தார்கள் என்பதும் அன்று பேசப்பட்டது.

இதிலிருந்து நாங்கள் சேர்ந்து வகுத்துக்கொண்டது ஒரு எளிய முறை. உடம்போடு போவது, முதுகோடு போவது, சைக்கிளோடு போவது. எதை விட்டாலும் உடம்போடு உள்ளதை விடக்கூடாது. சைக்கிளை எங்கேயும் விட்டுப்போகலாம் என்று மனதில் வைத்துத்தான் சைக்கிளில் எதையும் ஏற்ற வேண்டும். வெளிநாட்டுக் கைநூல்களும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன. ஆனால் எங்கள் அக்காமார் இதை நடந்து கற்றவர்கள்.

இரண்டு கை, மூன்று பிள்ளைகள்

கணவன் இல்லாமல் மூன்று சிறு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு சகோதரி அன்று கேட்ட கேள்வி இது: "எனக்கு ரெண்டு கை. பிள்ளையள் மூண்டு. பையை எந்தக் கையில பிடிக்கிறது?" எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் இதற்கு விடையில்லை. பட்டியல் எழுதுகிறவர்கள் ஒரு வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள்.

முதலாவது, பை கைப்பையாக இருக்கவே கூடாது. பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூடப் பை போதும். அதுவும் இல்லையென்றால் உரப்பை ஒன்றைக் கழுவி, இரண்டு பக்கமும் பழைய சீலைத் துண்டில் அகலமான பட்டி தைத்தால் முதுகில் மாட்டலாம். பட்டி ஒல்லியாக இருந்தால் தோளை அறுக்கும். உள்ளே ஒரு தடித்த பொலித்தீன் பையை வைத்து, அதற்குள் சாமான்களை வைத்து வாயைச் சுருட்டிக் கட்டினால் தண்ணீர் போகாது. ஒரு முறை மாட்டிக்கொண்டு, இடுப்பில் பிள்ளையையும் வைத்து, வீட்டிலிருந்து வீதிவரை நடந்து பாருங்கள். மூச்சு வாங்கினால் பாரத்தைக் குறையுங்கள்.

இரண்டாவது, பெரிய பிள்ளைக்கும் ஒரு சின்னப் பை. அதில் தன் உடுப்பு ஒன்று, ஒரு போத்தல் தண்ணீர், கொஞ்சம் தின்பண்டம், ஒரு விசில். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தாயின் முழுப்பெயரும் ஊரும் ஒரு தொலைபேசி இலக்கமும் பாடமாக இருக்க வேண்டும். சின்னப் பிள்ளையின் சட்டையின் உட்பக்கத்தில் பெயரையும் இலக்கத்தையும் அழியாத பேனையால் எழுதலாம். இதைச் சொல்லும்போது சில தாய்மார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் வற்புறுத்துவதில்லை. ஆனால் சொல்லாமலும் விடுவதில்லை.

மூன்றாவது, அயல். யார் வீட்டில் நடக்க முடியாத முதியவர், யார் செயற்கைக் கால் பாவிப்பவர், யார் மாதம் நிறைந்த கர்ப்பிணி என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் "அவவை யார் கூட்டிக்கொண்டு போவது" என்று பெயர் சொல்லி முடிவெடுத்து வைத்திருக்க மாட்டோம். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் நினைப்பார்கள். மாதர் சங்கக் கொப்பியில் இரண்டு இரண்டு வீடாகச் சோடி எழுதி வைத்திருக்கிறோம். மூன்று பிள்ளைகளின் தாய்க்குச் சோடி, வளர்ந்த மகன் உள்ள பக்கத்து வீடு. அந்தத் தம்பிக்கு இரண்டாவது பிள்ளை பொறுப்பு என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியும். செயற்கைக் கால் பாவிப்பவர்கள் இரவில் அதைக் கழற்றினால் கைக்கெட்டும் தூரத்தில், தரையில் அல்லாமல் கட்டிலிலோ கதிரையிலோ வைக்க வேண்டும். தண்ணீர் முதலில் தரையில் உள்ளதைத்தான் கொண்டுபோகும்.

பத்திரங்களும் ஒரு படமும்

உடம்போடு போக வேண்டியவற்றில் முதலாவது பத்திரங்கள். தேசிய அடையாள அட்டை, பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்கள், காணி அனுமதிப்பத்திரம் அல்லது உறுதி, வங்கிப் புத்தகம், அஸ்வெசும அல்லது வேறு கொடுப்பனவுக்குரிய கடிதங்கள், கிளினிக் கொப்பி, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள். பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். காணி கணவன் பெயரில் இருக்கும். அவர் இல்லை என்பதற்கான பத்திரமும் நீரில் போனால், அந்தக் காணியில் நீங்கள் யார் என்ற கேள்வி மீண்டும் வரும்.

காணாமற்போனோரின் குடும்பங்களுக்கு இன்னும் சில தாள்கள் உண்டு. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த கடிதங்கள், செஞ்சிலுவைக் குழுவின் பதிவுகள், 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் எடுத்த காணப்படாமைச் சான்றிதழ். இவை வெறும் தாள்கள் என்று கந்தோரில் இருப்பவர் நினைக்கலாம். வைத்திருப்பவருக்கு அப்படியல்ல.

செய்ய வேண்டியது இதுதான். மூலப்பிரதிகளை ஒரு சிப் வைத்த பொலித்தீன் உறையில் போட்டு, அதை இன்னொன்றுக்குள் போடுங்கள். மூலப் பத்திரங்களை லமினேற் செய்யாமல் வைத்திருப்பது நல்லது. பின்னர் ஒருவர் கையொப்பமோ முத்திரையோ வைக்கவேண்டி வந்தால் அதில் வைக்க முடியாது. ஒரு தொகுதி போட்டோப் பிரதி எடுத்து, வேறு ஊரில் உள்ள சகோதரியிடமோ நம்பிக்கையான உறவினரிடமோ கொடுத்து வையுங்கள். அதே தெருவில் உள்ள உறவினரிடம் கொடுத்துப் பயனில்லை, ஒரே வெள்ளம் இரண்டு வீட்டுக்கும் வரும். தொலைபேசியில் படம் எடுத்து வெளியூரில் அல்லது வெளிநாட்டில் உள்ள ஒருவருக்கு அனுப்பி வைத்தால் அதுவும் ஒரு பிரதி.

படம் என்றதும் ஒரு தாயின் ஞாபகம் வருகிறது. காணாமற்போன மகனுடைய ஒரே ஒரு படம் அவரிடம் இருக்கிறது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். அதைப் பைக்குள் வைக்கச் சொன்னால் சம்மதிக்க மாட்டார். "அவன் சுவரில இருந்தால் வீட்டில இருக்கிற மாதிரி. பைக்குள்ள வைச்சால்..." என்று அதற்குமேல் சொல்ல மாட்டார். அவரோடு வாதாடுவது என் வேலையல்ல. கொமினிகேசன் கடையில் அந்தப் படத்தைப் பிரதி எடுத்து, ஒன்றைப் பத்திர உறையிலும் ஒன்றை வவுனியாவில் உள்ள மகள் வீட்டிலும் வைத்தோம். சுவரில் இருப்பது சுவரிலேயே இருக்கிறது. செலவு ஒரு தேநீரும் வடையும் குடித்த கணக்குத்தான். சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒரே ஒரு படம் இருந்தால் இந்த மாதமே அதைச் செய்துவிடுங்கள்.

பிடியரிசியும் புழுக்கொடியலும்

மூன்று நாள் உணவை அன்றாடம் கூலிக்குப் போகும் பெண் எப்படிச் சேர்ப்பது? கடையில் ஒரே தடவையில் வாங்கச் சொன்னால் முடியாது. எங்கள் பாட்டிமாரிடம் இருந்த பிடியரிசி வழக்கம்தான் விடை. உலையில் போடும் முன்னர் ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் போடுவது. ஒரு பிடி ஏறத்தாழ 40 கிராம் வரும். நாளுக்கு இரண்டு பிடி என்றால் மாதத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு மூன்று நாளைக்கு நாலு, நாலரைக் கிலோ அரிசி போதும். ஆவணியில் தொடங்கினால் ஐப்பசிக்குள் சேர்ந்துவிடும். மாரி முடிந்ததும் அதைச் சமைத்துவிட்டு மீண்டும் தொடங்கலாம், வண்டு பிடிக்க விட வேண்டாம். 2022இல் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் இல்லாமல் வரிசையில் நின்ற நாட்களில் பிடியரிசிப் பானை இருந்த வீடு எது, இல்லாத வீடு எது என்று எங்களுக்குத் தெரிந்தது. அனர்த்தம் எப்போதும் புயல் உருவத்தில்தான் வரும் என்றில்லை.

அரிசி சமைக்க அடுப்பு வேண்டும், காய்ந்த விறகு வேண்டும். முதல் நாளில் இரண்டும் இருக்காது. அதனால் சமைக்காமல் உண்ணக்கூடிய ஏதாவது பைக்குள் இருக்கட்டும். பனை உள்ள ஊரில் இதற்கு ரின் மீன் தேடத் தேவையில்லை. புழுக்கொடியல் மாதக்கணக்கில் கெடாது. வறுத்த அரிசிமாவும் பயற்றம்மாவும் பனங்கட்டியும் சேர்த்தால் தண்ணீரில் குழைத்தே பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். பினாட்டு, பேரீச்சம்பழம், அவல் எல்லாம் நல்லவை. பிஸ்கற் பக்கற் வாங்கி வைத்தால் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே தின்றுவிடுவார்கள் என்பது எல்லாத் தாய்மாருக்கும் தெரிந்த விஷயம். புழுக்கொடியல் அப்படிப் போகாது!

தண்ணீரில்தான் கவனம் கூட வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளுக்கு மூன்று லீற்றர் என்று கணக்கு வைத்தால், நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 36 லீற்றர். மூடியுள்ள இருபது லீற்றர் கான் இரண்டு. புயல் அறிவித்தல் வந்தவுடன் கிணறு கலங்கும் முன்னரே நிரப்பி, உயரத்தில் வையுங்கள். வெள்ளம் மூடிய கிணற்றுத் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் மலசலகூடக் குழித் தண்ணீரும் அதில் கலந்திருக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்து, இறைத்து, குளோரின் இட்ட பின்னரே பாவிக்க வேண்டும். அதுவரை தண்ணீரைத் துணியில் வடித்து, நன்கு கொதித்து ஒரு நிமிடமாவது குமிழி விட்ட பிறகு ஆற வைத்துக் குடியுங்கள். விறகு இல்லையென்றால், தெளிந்த தண்ணீரை நிறமற்ற பிளாஸ்ரிக் சோடாப் போத்தலில் நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணித்தியாலம் படுக்க வையுங்கள். முகில் மூடிய வானம் என்றால் இரண்டு நாள் வேண்டும். மாரிகாலத்தில் இந்த வழியை மட்டும் நம்பி இருக்கவும் முடியாது. கலங்கல் தண்ணீருக்கு இது சரிவராது.

வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி பக்கற் ஒன்றை ஒரு லீற்றர் ஆறிய கொதிநீரில் கரைத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, கண்மதிப்பில் போடாதீர்கள். கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்கக்கூடாது.

ஜாம் போத்தல் விளக்கு

வடக்கில் 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தைக் கண்டவர்கள் இதை வாசிக்கிறீர்கள். பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் கிடைத்தாலும் யானை விலை. அப்போது ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் சின்னத் திரியும் சில கரண்டி எண்ணெயும் வைத்து எரித்த சிக்கன விளக்கில்தான் ஒரு தலைமுறையே படித்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். நான் சிறுமியாக மாறி மாறிச் சுற்றியவர்களில் ஒருத்தி. செய்தி முடியும்வரை நிறுத்தினால் பெரியவர்கள் ஏசுவார்கள்.

விளக்கு பற்றி ஒரு எச்சரிக்கையும் வேண்டும். உயரமான ஒல்லிப் போத்தலில் செய்த குப்பி விளக்கு சரிந்து, சீலையில் தீப்பற்றி எரிகாயப்பட்ட பெண்களும் பிள்ளைகளும் இலங்கை முழுவதிலும் ஏராளம். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர அப்படி வந்த நோயாளிகளைப் பார்த்துப் பார்த்தே, குட்டையான, பாரமான, இரண்டு பக்கம் தட்டையான, திருகு மூடியுள்ள ஒரு கண்ணாடி விளக்கை உருவாக்கினார். சரிந்தாலும் உருளாது, எண்ணெய் சிந்தாது. அந்த யோசனை அவருக்கு ஒரு மார்மைற் போத்தலைக் கண்டு வந்ததாம். "சுதீப" என்று பெயர் பெற்ற அந்த விளக்குக்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஆக, விளக்கு வைக்க வேண்டி வந்தால் குட்டைப் போத்தலைத் தேடுங்கள். தறப்பாள் கொட்டிலுக்குள்ளும் நித்திரை கொள்ளும் இடத்திலும் அதுவும் வேண்டாம். இப்போது சிறிய சூரிய ஒளி விளக்குகள் கடைகளில் உண்டு. சங்கச் சுழற்சிக் கடனில் முதலில் வாங்க வேண்டியது எது என்று என்னைக் கேட்டால் தொலைபேசிக்கும் மின்னேற்றக்கூடிய அந்த விளக்கைத்தான் சொல்வேன்.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி நாட்டைத் தாக்கி 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன போது, பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் சேர்ந்தே அறுந்தன. கையில் நல்ல தொலைபேசி இருந்தும் செய்தி இல்லை. பற்றரியில் ஓடும் ஒரு சின்ன வானொலிப் பெட்டி மூன்று வீட்டுக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். பற்றரியை வானொலிக்குள் போட்டு வைக்காமல் தனியாக வையுங்கள், கசிந்து பழுதாகாது.

மற்றபடி பைக்குள் போக வேண்டியவை: பொலித்தீனில் சுற்றிய நெருப்புப் பெட்டி, சிறு கத்தி, பத்து மீற்றர் நைலோன் கயிறு, சவர்க்காரம், மாற்று உடுப்பு ஒன்று, பருத்திப் போர்வை, ஒவ்வொரு நாளும் எடுக்கும் மருந்து ஒரு வாரத்துக்கு, கொஞ்சம் சில்லறைக் காசு. மாதவிலக்குக்கான துணியோ பாட்டோ கட்டாயம் வையுங்கள். நிவாரணப் பொதியில் அது கடைசியாகத்தான் வரும், வந்தாலும் ஆண்கள் நிற்கும் வரிசையில் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். பொதுமண்டபத்தில் தங்கும்போது இரவில் மலசலகூடத்துக்குத் தனியே போகாதீர்கள். ஒரு விளக்கு, ஒரு விசில், ஒரு துணை. பெண்கள் இருக்கும் பக்கத்துக்கு மறைப்புக் கட்ட ஒரு பழைய சீலையும் கயிறும் போதும். மெனிக் பாமில் இருந்தவர்களுக்கு நான் இதற்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

பழைய பழக்கம் தவறும் இடம்

யுத்தம் கற்றுத் தந்தவற்றில் ஒன்று வெள்ளத்தில் எதிராக வேலை செய்யும். ஷெல் வந்தால் பள்ளத்தைத் தேடினோம். இப்போதும் பெரும் சத்தம் கேட்டால் உடம்பு தாழ்ந்த இடத்தைத்தான் தேடுகிறது. வெள்ளத்துக்கும் கடல் பெருக்குக்கும் மேட்டைத் தேட வேண்டும். வளவுக்குள் பழைய பங்கர் குழி இருந்தால் மூடிவிடுங்கள், மழைத் தண்ணீர் நிரம்பினால் தரை எது குழி எது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. கட்டில்லாத கிணற்றைச் சுற்றிக் கம்பாவது நட்டு வையுங்கள்.

சூறாவளியின் நடுவில் காற்று திடீரென்று நின்று அமைதியாகும். அது முடிவல்ல, சூறாவளியின் கண். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று வரும். 1964 டிசம்பர் 22, 23இல் தலைமன்னாரையும் அக்கரையில் தனுஷ்கோடியையும் அழித்த புயல் எங்கள் கடலில்தான் வந்தது. கடற்கரையில் வாடி போட்டிருப்பவர்கள் அறிவித்தல் வந்தவுடன் பகல் வெளிச்சத்திலேயே உள்ளே வந்துவிட வேண்டும்.

வெள்ளம் வடிந்து வீடு திரும்பும்போது தடியால் தட்டித் தட்டி உள்ளே போங்கள். புடையனும் சுருட்டையும் காய்ந்த இடம் தேடி அலுமாரிக்குள்ளும் விறகு அடுக்குக்குள்ளும் வந்திருக்கும். கடித்தால் கயிறு கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் ஒன்றும் வேண்டாம். வளையல், மோதிரத்தைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ முறிவுக்குக் கட்டுவது போல் மட்டை வைத்து அசையாமல் கட்டி, வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அறுந்த மின்கம்பி கிடந்தால் கிட்டப் போகாமல் 1987க்கு அறிவியுங்கள். வெள்ளம் அரித்த வாய்க்கால் கரையில், வயல் வரம்பில் இனந்தெரியாத உலோகமோ பிளாஸ்ரிக்கோ தெரிந்தால் தொடாதீர்கள். துப்புரவு செய்யப்பட்ட காணியிலும் மேலேயிருந்து அடித்து வரப்பட்டது இருக்கக்கூடும். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள்.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அம்புலன்ஸ் 1990. பொலிஸ் 119. கதவின் உட்பக்கத்தில் கரியால் எழுதினாலும் போதும்.

இனி அந்தப் பின்வரிசை அம்மாவின் பேச்சுக்கு வருகிறேன். பை கட்டினால் ஓட வேண்டி வரும் என்பது மூடநம்பிக்கை என்று ஒரு பயிற்சியில் ஒருவர் சொன்னார். எனக்கு உடன்பாடில்லை. சைரன் ஒலித்து, ஒலிபெருக்கியில் கத்தி, சனத்தை ஓடவைத்து ஒத்திகை நடத்தும்போது இங்குள்ள பெண்களில் சிலருக்குக் கை நடுங்குவதைக் கண்டிருக்கிறேன். சமூகவியல் படித்த காலத்தில் அனர்த்தம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை என்று படித்தோம். கல்வீட்டுக்கு ஒரு மாதிரி, கொட்டிலுக்கு வேறு மாதிரி. அதன் ஞாபகமும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதை இந்த ஊரில்தான் படித்தேன். அதனால் நாங்கள் ஒத்திகையை விட்டுவிட்டோம். ஆவணியில் மடுத் திருவிழா முடிந்து வந்ததும் சமையலறைச் சாமான் பார்ப்பது போலப் பையைத் திறந்து பார்ப்பது, மருந்தின் திகதி பார்ப்பது, பிள்ளையின் சட்டை அளவு பார்ப்பது. சிலர் அதை "மாரிப் பை" என்கிறார்கள். அந்த அம்மா இன்னும் பை கட்டவில்லை. ஆனால் பத்திரங்களைச் சிப் உறையில் போட்டு, அதைத் தன் நல்ல சீலைகளோடு மடித்து வைத்திருக்கிறார். "கோயிலுக்குப் போற சாமான்" என்று பெயர்.

இன்னும் தீராத ஒன்று ஆடு. ஐந்து ஆட்டை விட்டுவிட்டு இடைத்தங்கல் முகாமுக்கு வர மாட்டேன் என்று கழுத்தளவு தண்ணீர் வரும்வரை நிற்கத் தயாரான பெண்கள் இருக்கிறார்கள். அந்த ஐந்து ஆடுதான் அவர்களின் வங்கிப் புத்தகம். பாடசாலைக் கட்டடத்துக்குள் ஆடுமாடு ஏற்ற மாட்டார்கள். குறைந்தபட்சம் கயிற்றை அவிழ்த்துவிட்டு வாருங்கள், கட்டிய ஆடு நீந்தாது. காதில் அடையாளம் இருந்தால் பிறகு தேடலாம். பாடசாலைக்குப் பின்னால் உள்ள மேட்டுக் காணியை மாரி நாட்களுக்கு மட்டும் ஆடுமாட்டுக்கு ஒதுக்கித் தரும்படி சங்கம் எழுத்தில் கேட்டிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்குக் கிராம அலுவலரையும் கால்நடை உத்தியோகத்தரையும் அழைத்திருக்கிறோம்.